தாலியும் சம்மதமும்: இன்றைய தமிழ்க் காதல் நாவல்கள் குறித்து ஒரு வாசகியின் கருத்து

முன்னுரை

தமிழ் நாவல் வரலாறு எழுதுவோர் 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவலில் தொடங்கிப் பல பெயர்களைச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் காதல் நாவல்களுக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். ஆனால் நம் வீடுகளில் பெண்கள் அதிகம் படித்ததும், இன்றும் படிப்பதும் இவ்வகை நாவல்களைத்தான். இத்தனை பேர் படிக்கும் ஒன்றைக் குப்பை என்று ஒதுக்குவதும், பொழுதுபோக்குத்தானே என்று விட்டுவிடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். இரண்டிலுமே அந்த நாவல்களைப் படித்துப் பார்க்கும் வேலை நடப்பதில்லை.

நான் நெய்வேலியில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். சென்ற சில மாதங்களில் அண்மைக்காலத்தில் எழுதப்பட்ட காதல் நாவல்கள் பதினான்கைப் படித்தேன். ஐந்து அச்சு நூல்கள். மற்றவை கைபேசியில் படித்தவை. என் பழைய மாணவி ஒருத்தி இணையத்தில் இத்தகைய தொடர்கதைகள் எழுதுகிறாள். "டீச்சர், நீங்க படிச்சுப் பார்த்துட்டுச் சொல்லணும்" என்று அவள் கேட்டதுதான் தொடக்கம். அவளுக்குச் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். நான் படித்த நாவல்களின் பெயர்களையும் அவற்றை எழுதியவர்களின் பெயர்களையும் இங்கே குறிப்பிடவில்லை. நான் குறையாகச் சொல்லப்போவது பலருடைய எழுத்திலும் இருக்கும் ஒரு பொதுவான போக்கு. அதற்காக ஒருவரை மட்டும் பிடித்து நிறுத்துவது நியாயமாகாது.

இவ்வகை நாவல்களின் வழித்தடம்

வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதியவர். 'ஜகன்மோகினி' இதழை நடத்தியவர். அவருக்குப் பின் வந்த லட்சுமி, மருத்துவம் படிக்கும்போதே ஆனந்த விகடனில் தொடர்கதை எழுதியவர். திரிபுரசுந்தரி என்பது அவரது இயற்பெயர். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். பின்னர் சிவசங்கரி, இந்துமதி, வாஸந்தி, அனுராதா ரமணன் எனப் பலர் வந்தார்கள். இவர்களில் பலர் காதலை மட்டும் எழுதியவர்கள் அல்லர். குடும்பம், வேலை, குடிப்பழக்கம், மணமுறிவு என்று பலவற்றையும் எழுதினார்கள்.

காதலை மட்டுமே மையமாக்கி, கடைசி அத்தியாயத்தில் இருவரும் சேர்ந்தே தீர்வார்கள் என்ற உறுதியை வாசகிக்குக் கொடுத்து எழுதியவர் ரமணிசந்திரன். 1970களில் தொடங்கி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் 1908இல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனம் ஆங்கில வாசகிகளுக்குச் செய்ததைத் தமிழில் ஏறத்தாழ ஒருவராகவே செய்தார் எனலாம்.

அந்த நாவல்கள் எப்படிப் படிக்கப்பட்டன என்பதை நெய்வேலியில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை மூன்று ஷிப்டு. கணவர் இரவு ஷிப்டுக்குப் போன வீட்டில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, வாடகை நூலகத்திலிருந்து எடுத்த நாவலோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, ஒரு குவார்ட்டர்ஸிலிருந்து அடுத்த குவார்ட்டர்ஸுக்குக் கொடுப்பார்கள். என் வீட்டிலும் அப்படி மூன்று தொகுப்புகள் இருந்தன. இரவல் போன இரண்டு திரும்பி வரவில்லை.

இன்று அந்த இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. பெங்களூரில் 2014இல் தொடங்கப்பட்ட பிரதிலிபி போன்ற தளங்களிலும், தனியார் நடத்தும் நாவல் தளங்களிலும், கிண்டிலிலும் நூற்றுக்கணக்கான பெண்கள் எழுதுகிறார்கள். ஒவ்வோர் அத்தியாயமும் 'எபி'. புதிய பகுதி வந்தால் 'யூடி'. "அடுத்த யூடி எப்போ?" என்று வாசகிகள் கேட்பதும், எழுதுபவர் பதில் சொல்வதும் கதையோடு கூடவே நடக்கின்றன.

பாராட்ட வேண்டியவை

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். பதிப்பகத்துக்கும் பத்திரிகை அலுவலகத்துக்கும் அலைய வழியில்லாத பெண்கள் எழுத வந்திருக்கிறார்கள். சமையல் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கிடைத்த ஒரு மணி நேரத்தில் கைபேசியிலேயே தட்டச்சு செய்கிறார்கள். இது சிறிய செயலன்று.

நான் படித்தவற்றில் கதாநாயகிகள் எல்லோரும் படித்தவர்கள். பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு நாவல்களில் மணமுறிவு பெற்ற பெண் மறுமணம் செய்துகொள்கிறாள். அதை யாரும் பெரிய தியாகமாகப் பேசவில்லை. ஒரு நாவலில் கதாநாயகன் தோசை வார்க்கிறான். அதற்கு வீட்டில் யாரும் கைதட்டவில்லை என்பது எனக்கு இன்னும் பிடித்திருந்தது. மாமியாரும் மருமகளும் நண்பர்களாக இருக்கும் காட்சிகள் இயல்பாக வந்திருந்தன. பேச்சுத்தமிழ் உரையாடல் பலருக்கு நன்றாகக் கைவருகிறது.

மொழிக்குறைகள் உண்டு. ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் பல இடங்களில் தடுமாறுகின்றன. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் பற்றிக் கவலைப்படுவோர் குறைவு. இவை ஒரு நல்ல மெய்ப்பு திருத்துநர் இருந்தால் சரியாகிவிடும். நான் கவலைப்படுவது மெய்ப்புப் பார்த்துத் திருத்த முடியாத ஒன்றைப் பற்றி.

கட்டாயத் தாலி

நான் படித்த பதினான்கில் ஆறு நாவல்களின் கதை ஏறத்தாழ ஒன்றே. செல்வந்தனான கதாநாயகன். அவன் குடும்பத்துக்கு ஏதோ ஓர் அநீதி நடந்திருக்கிறது. அதற்குக் காரணம் கதாநாயகியின் தந்தை அல்லது அண்ணன் என்று அவன் தவறாக நம்புகிறான். பழிவாங்க அவளைக் கடத்தியோ மிரட்டியோ, வேறொருவனோடு அவளுக்குத் திருமணம் நடக்கவிருந்த மேடையில் ஏறியோ, தாலி கட்டிவிடுகிறான். பிறகு இருபது அத்தியாயங்கள் அவளைச் சொல்லால் சுடுகிறான். சிலவற்றில் கையும் ஓங்குகிறான். அவள் அழுகிறாள், ஆனால் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் விழித்திருந்து பார்த்துக்கொள்கிறாள். உண்மை தெரிந்ததும் அவன் வருந்துகிறான். அவள் மன்னிக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் வளைகாப்பு.

இந்த நாயகனுக்கு 'ஆன்டி ஹீரோ' என்று பெயர். அந்தப் பெயருக்காகவே தேடிப் படிக்கிறவர்கள் உண்டு.

இந்தக் கதைகளில் மூன்று முடிச்சு விழுந்த நொடியிலேயே அவளுடைய விருப்பம் ஒரு பொருட்டாக இல்லாமல் போகிறது. அதன்பின் அவள் செய்யவேண்டியது ஒன்றுதான்: நடந்து முடிந்ததை விரும்பக் கற்றுக்கொள்வது. எம்.பி.ஏ. படித்த பெண், வங்கி அதிகாரி, மென்பொருள் பொறியாளர் யாராக இருந்தாலும் இதே கதிதான். படிப்பையும் சம்பளத்தையும் கதாநாயகிக்குக் கொடுத்த நாவல், 'வேண்டாம்' என்று சொல்லும் வாயை எடுத்துக்கொண்டுவிட்டது.

சட்டம் வேறு மாதிரி இருக்கிறது என்பதை மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக மணம் முடிக்கும் நோக்கத்தோடு கடத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 87ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 366ஆம் பிரிவு. வற்புறுத்திப் பெற்ற சம்மதத்தின் பேரில் நடந்த திருமணத்தை, அந்த வற்புறுத்தல் நீங்கிய ஓராண்டுக்குள் மனுச்செய்து ரத்து செய்யக் கோரலாம் என்கிறது 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம். தமிழ்நாடு இன்னும் ஒரு படி முன்னே போனது. சுயமரியாதைத் திருமணங்களுக்காக 1967இல் அண்ணா ஆட்சிக் காலத்தில் நம் சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே திருமணம் செல்லும். தாலி கட்டாயமில்லை. தாலி இல்லாமல் திருமணம் உண்டு என்று சட்டம் சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. சம்மதம் இல்லாமலேயே திருமணம் உண்டு என்று நாவல் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பழைய நாவல்கள் செய்தது என்ன?

"டீச்சர், அந்தக் காலத்துக் கதையிலயும் இதெல்லாம் இருந்துச்சே" என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அதைக் கையாண்ட விதம் வேறு.

லட்சுமியின் 'பெண் மனம்' நாவலைத் தழுவி 1963இல் 'இருவர் உள்ளம்' திரைப்படம் வந்தது. பெண்களோடு விளையாட்டாகத் திரிந்த செல்வந்தன் ஒருவன் சாந்தா என்ற ஆசிரியையை விரும்புகிறான். குடும்ப நெருக்கடியால் மனமில்லாமல் அவனை மணக்கிறாள் அவள். திருமணம் நடந்துவிட்டதால் அவள் மனம் அவனுக்குக் கிடைத்துவிடவில்லை என்பதுதான் கதையின் முடிச்சே. மாற வேண்டியவன் அவன். தன் நடத்தையால் அவன் அவளுடைய மதிப்பைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. இதிலும் கேள்வி கேட்க இடமுண்டு. ஆனால் அவளுடைய வெறுப்புக்கு நியாயம் இருக்கிறது என்பதைக் கதை மறைக்கவில்லை.

அகிலனின் 'சித்திரப்பாவை' இன்னும் துணிச்சலானது. ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைத் தமிழுக்கு முதன்முதலாகப் பெற்றுத் தந்த நாவல் அது. ஓவியன் அண்ணாமலையை விரும்பும் ஆனந்தியை மாணிக்கம் என்பவன் பலவந்தமாக முத்தமிட்டுவிடுகிறான். தொட்டவனையே மணக்க வேண்டும் என்று தான் கற்ற ஒழுக்கத்தால் நம்பி, அவனையே மணந்துகொள்கிறாள் ஆனந்தி. இன்றைய ஆன்டி ஹீரோ கதைக்கும் இதுதான் தொடக்கம். ஆனால் அகிலன் அங்கிருந்து மகிழ்ச்சியான முடிவுக்குப் போகவில்லை. அந்த நம்பிக்கை ஒரு பெண்ணை எப்படி வதைக்கிறது என்று காட்டிக்கொண்டே போகிறார். கடைசியில் அவள் தாலியைக் கழற்றிவிட்டு வெளியேறுகிறாள். பெருவாரியான மக்கள் படித்த வார இதழில், அரை நூற்றாண்டுக்கு முன், இது சாத்தியமாக இருந்தது. அதைப் படித்த பெண்களின் பேத்திகளுக்கு இன்று எழுதப்படும் கதையில் இது சாத்தியமில்லாமல் போனது ஏன்?

இன்னும் பின்னே போகலாம். தொல்காப்பியம் காதலை ஏழு திணையாகப் பகுத்தது. ஒத்த அன்பைப் பேசும் ஐந்தும் நடுவில் நிற்கின்றன. ஒருதலைக் காதலான கைக்கிளையும் பொருந்தாக் காமமான பெருந்திணையும் அந்த ஐந்துக்கு வெளியே இருக்கின்றன. காமம் மிகுந்து வலிமையைக் காட்டுவதைப் பெருந்திணையின் கூறுகளில் ஒன்றாகவே வைத்தார்கள். இன்று ஆன்டி ஹீரோ என்று கொண்டாடப்படுபவனுக்கு நம் இலக்கணம் எப்போதோ இடம் ஒதுக்கிவிட்டது. அது அன்பின் ஐந்திணைக்குள் அல்ல.

"கதைதானே?"

இதற்கு என் மாணவி சொன்ன பதில் நியாயமானது. "படிக்கிறவங்களுக்கு இது கதைன்னு தெரியும் டீச்சர். நாள் முழுக்க வேலை செஞ்சுட்டு அரை மணி நேரம் ஆறுதலா படிக்கிறாங்க."

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே இதைத்தான் ஆராய்ந்தார். காதல் நாவல் வாசகிகளிடம் நேரில் பேசி 1984இல் ஒரு நூல் எழுதினார். குடும்பத்துக்காக ஓயாமல் உழைக்கும் பெண்கள், 'இது என் நேரம்' என்று சொல்லிக்கொள்ளும் வழியாகவே புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள் என்று கண்டார். இரவு ஷிப்டு வீடுகளில் நான் பார்த்ததும் அதுவே. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார்: ஆணின் கடுமையை மறைந்திருக்கும் அன்பாக வாசித்துக்கொள்ள இந்தக் கதைகள் கற்றுக்கொடுக்கின்றன.

இந்த இரண்டாவது கருத்தை நான் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், பிளஸ் டூ படித்த ஒரு பெண்ணை ஓர் இளைஞன் நாள்தோறும் சைக்கிளில் பின்தொடர்ந்தான். அவள் பயந்துபோயிருந்தாள். உடன் படித்த பெண்களோ, "இவ்வளவு பிடிவாதமா இருக்கான்னா உண்மையான லவ்வுடி" என்றார்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். பின்தொடர்வதற்கு அவர்களிடம் இருந்த ஒரே பெயர் காதல். வேறு பெயரை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆசிரியர்களான நாங்களும் சொல்லித்தரவில்லை. கடைசியில் பள்ளியை மாற்றிக்கொண்டு போனது அந்தப் பெண்தான்.

ஒரு கதை படித்து யாரும் கெட்டுப்போவதில்லை. ஆனால் ஒரே கதையை நூறு பேர் எழுதி, அதையே ஆயிரம் முறை படிக்கும்போது, நம் வாழ்க்கைக்கு நாம் வைக்கும் பெயர்கள் அதிலிருந்துதான் வருகின்றன.

நாவலில் இல்லாத தடை

காதல் நாவலில் காதலுக்குத் தடை வேண்டும். இல்லாவிட்டால் இருநூறு பக்கம் நகராது. நான் படித்தவற்றில் தடைகள் இவை: தவறான புரிதல், பழைய பகை, பொறாமை கொண்ட அத்தை மகள், பணம். சாதி மட்டும் எந்த நாவலிலும் தடையாக வரவில்லை. நாயகனும் நாயகியும் எப்போதும் 'ஒரே மாதிரி' குடும்பம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், 2003ஆம் ஆண்டு கண்ணகி, முருகேசன் என்ற இருவர் சாதி கடந்து காதலித்துத் திருமணத்தைப் பதிவும் செய்துகொண்டார்கள். முருகேசன் பொறியியல் பட்டதாரி. அந்த ஆண்டு சூலை மாதம், பெண்ணின் உறவினர்கள் இருவருக்கும் நஞ்சைப் புகட்டிக் கொன்று, உடல்களை எரித்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் காவல்துறையினர் இருவர் உட்பட 13 பேருக்குத் தண்டனை விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று முடிய 2025 ஆகிவிட்டது.

எல்லாக் காதல் நாவலும் இதை எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுதியவர்கள் உண்டு. பெருமாள்முருகன் தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கிய 'பூக்குழி' நாவல், குமரேசன், சரோஜா என்ற இருவரின் திருமணத்தைத்தான் சொல்கிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அது மகிழ்ச்சியான முடிவு தரும் நாவல் அன்று. தரவும் முடியாது.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாவலில் பெண் தேர்ந்தெடுப்பதே இல்லை. குடும்பமோ முரட்டு நாயகனோ தேர்ந்தெடுக்கிறார்கள், அவள் பிறகு விரும்புகிறாள். கண்ணகி தானே தேர்ந்தெடுத்தாள். அந்தத் தேர்வுக்காகத்தான் கொல்லப்பட்டாள். கட்டாயத் தாலியும் சாதி பற்றிய மௌனமும் இரண்டு தனிக் குறைகள் அல்ல என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். பெண் தானே தேர்ந்தெடுப்பாள் என்ற ஒன்றை இரண்டுமே கதைக்கு வெளியே நிறுத்திவிடுகின்றன.

சங்கப் பாடல்களில் 'அறத்தொடு நிற்றல்' என்று ஒரு துறை உண்டு. தலைவி ஒருவனை விரும்புகிறாள் என்பதைத் தோழி வீட்டாருக்கு எடுத்துச் சொல்லி அவளுக்காக நிற்பது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் அந்த ஒரு துறைதான். பெண்ணின் விருப்பத்தின் பக்கம் நிற்பதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் 'அறம்' என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். இன்றைய காதல் நாவலில் தோழிகள் நிறைய வருகிறார்கள். கேலி செய்கிறார்கள், சேலை கட்டிவிடுகிறார்கள். அறத்தொடு நிற்பவளைக் காணோம்.

முடிவுரை

மகிழ்ச்சியான முடிவு வேண்டும் என்று வாசகி கேட்பதில் தவறில்லை. ரமணிசந்திரனைப் படித்து வளர்ந்தவள் நான். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அந்த மகிழ்ச்சி கதாநாயகியின் மகிழ்ச்சியாக இருக்க வேண்டுமென்றால், அவள் வேறு வழி இருந்தும் இவனைத் தேர்ந்தெடுத்தாள் என்று கதை காட்ட வேண்டும். போக வழியில்லாததால் இருந்துவிட்டவளைக் காதலி என்று சொல்ல முடியாது.

மாணவிகளே, அடுத்த காதல் நாவலைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இவள் 'வேண்டாம்' என்று சொன்னால் கதையில் யாராவது காதில் வாங்குகிறார்களா? இவன் செய்ததையே பணமும் அழகும் இல்லாத ஒருவன் செய்திருந்தால் இந்தக் கதை அவனை வில்லன் என்று சொல்லியிருக்குமா? இந்த வீட்டுக்குள் இவர்கள் யாரையெல்லாம் காதலிக்க அனுமதி இல்லை?

என் மாணவியின் கதையில், கட்டாயத் தாலி கட்டப்பட்ட பெண் மூன்றாம் அத்தியாயத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய், மாமியார் அழுததால் திரும்பி வந்துவிடுகிறாள். "ஏன்மா திரும்ப வெச்ச?" என்று கேட்டேன்.

"அவ போயிட்டா கதை முடிஞ்சிடுமே டீச்சர்" என்றாள்.

"போகட்டும். அவன் போய்க் கேட்கட்டும். அவ யோசிக்கட்டும். அங்கதானே உன் கதை ஆரம்பிக்குது?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாசகிங்க திட்டுவாங்க" என்றாள். திட்டலாம்தான். பழகிய பாதையை மாற்றினால் வாசகிக்குக் கோபம் வரும். எழுத்தை நம்பி அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருக்கும் வாசகியும் அவளேதான். அந்த மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். யூடிக்காக நானும் காத்திருக்கிறேன்.